பரீட்சை முடியும்வரை சங்கு ஊதாது

பிப்ரவரி 10

இந்த டைரி மீனவர் சங்கத்தில் கொடுத்தது. ஜனவரி முழுக்க மாவுப் பாத்திரத்துக்கு மூடியாக இருந்தது. இன்றைக்குத்தான் எடுத்துத் துடைத்தேன். காரணம் என் வீட்டுக்காரர். கோபிகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாதாம். யாரும் என்றால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? பேசத்தானே கூடாது, எழுதலாம் அல்லவா. அதனால் எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் விவரமெல்லாம் கேட்டிருந்தது. பெயர் சாந்தாமணி, கணவர் பெயர் திருமூர்த்தி, தொழில் தையல் என்று நிரப்பினேன். ரத்த வகை தெரியாது. விட்டுவிட்டேன்.

கேபிளைப் பிடுங்கியாகிவிட்டது. என் தையல் மெஷின் கோபிகா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான் ஓட வேண்டும். குக்கர் விசில் அடித்தால் ஓடி வந்து அடுப்பை அணைக்கிறார், சோறு அரைவேக்காட்டில் நிற்கிறது. இவர் போனில் ஒரு பழைய பாட்டு அடிக்கும். அதையும் ஊமையாக்கிவிட்டார்.

"சங்கத்துல இருந்து அவசரமாக் கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"அப்பப்ப எடுத்துப் பாத்துக்குவேன் புள்ள. நீ மெதுவாப் பேசு."

எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர், மகள் படிப்பு என்று வந்துவிட்டால் கலெக்டர் மாதிரி உத்தரவு போடுகிறார். அணை மேட்டுக்கு அந்தப் பக்கம் நாய் குரைத்தால்கூட எழுந்து போய் அதனிடம் ஏதோ சொல்லிவிட்டு வருகிறார்.

பிப்ரவரி 13

குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன். இனிமேல் வடிகஞ்சிச் சோறுதான். கோபிகா கஞ்சியை விரும்பிக் குடித்தாள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ இவரே வடித்த மாதிரி.

பிப்ரவரி 17

இன்று திருப்புதல் தேர்வில் கணக்கு. கோபிகா அழுதுகொண்டே வந்தாள். எழுதிக்கொண்டிருக்கும்போது சங்கு மாற்றி மாற்றி ஊதியதாம். ஒவ்வொரு தடவையும் போட்டுக்கொண்டிருந்த கணக்கு கலைந்து, திரும்ப முதலில் இருந்து போட்டு, கடைசிக் கணக்குகளுக்கு நேரம் இல்லை.

சங்கு என்றால் பவர்ஹவுஸ் சங்கு. எங்கள் ஊருக்கு இரண்டு அணை. மலைமேல் மேலணை, எங்கள் வாசலுக்கு எதிரே கீழணை. நடுவில் மலையைக் குடைந்து குகை போட்டு அதற்குள் மெஷின் வைத்திருக்கிறார்கள். பொழுதோடு எல்லா ஊரிலும் விளக்குப் போடும் நேரத்தில் மேலணைத் தண்ணீரைக் குகை வழியாகக் கீழே விட்டுக் கரண்ட் எடுப்பார்கள். ஊர் தூங்கிய பிறகு மிஞ்சும் கரண்டில் அதே தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவார்கள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் சங்கு ஊதும். துவைக்கிறவர்களும் பரிசல்காரர்களும் கரையேறிவிடுவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் நாளுக்கு ஒரு சங்குதான். அதைக் கேட்டுத்தான் ராத்திரிச் சோற்றுக்கு அடுப்புப் பற்றவைப்போம்.

இப்போது தெற்கே எங்கு பார்த்தாலும் சோலார். பகலில் கரண்ட் கொட்டுகிறதாம், வைக்க இடமில்லையாம். வெயில் அடித்தால் தண்ணீரை மேலே ஏற்று, மேகம் மூடினால் கீழே விடு, மறுபடி வெயில் வந்தால் ஏற்று. தண்ணீருக்கும் ஓய்வில்லை, சங்குக்கும் ஓய்வில்லை.

"இது தண்ணியில செஞ்ச பேட்டரி மாதிரிம்மா" என்று கோபிகா ஒருநாள் விளக்கினாள். "நூறு பங்கு கரண்ட் செலவு பண்ணி ஏத்துனா, எறக்கும்போது முக்கால் பங்குதான் திரும்பக் கெடைக்கும்."

"மிச்சக் கால் பங்கு எங்க போவுது கண்ணு?"

"வழியிலயே போயிரும்."

இவருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தண்ணீர் ஓயாமல் ஏறி இறங்குவதால் கெண்டை இட்ட முட்டை கரைச் சேற்றில் காய்ந்து போகிறது என்பது தெரியும். முன்பெல்லாம் மீன் பாரத்தில் பரிசல் தாழ வரும், இப்போது கூடை நிறைந்தாலே பெரிது. சங்கத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் வராத கோபம் இவருக்கு இன்று வந்தது. மகள் அழுகிறதைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து எழுந்து போனார்.

பிப்ரவரி 19

இவரும் பக்கத்து வீட்டுக் குப்பாண்டி அண்ணனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பவர்ஹவுஸுக்குப் போனார்கள். அங்கே ஞானசீலன் என்று ஒரு சின்ன வயது இன்ஜினியர். உட்கார வைத்து டீ கொடுத்தானாம். அவன் தங்கையும் இந்த வருஷம் பரீட்சை எழுதுகிறாளாம். அதிலேயே இவர் பாதி மயங்கிவிட்டார்.

"தங்கமான பையன் புள்ள. மேல கேட்டுச் சொல்றேன்னான்."

"மேலன்னா மேலணையிலயா?" என்றேன். முறைத்தார்.

பிப்ரவரி 24

நடந்துவிட்டது. பரீட்சை நாட்களில் பத்து மணியிலிருந்து பரீட்சை முடியும்வரை சங்கு ஊதாது.

சும்மா இல்லை, பேச்சுப் பேசித்தான் முடித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தண்ணீரை ஏற்ற மட்டும்தான் செய்வார்களாம். பகலில் விட வேண்டிய கட்டாயம் வந்தால், விடுவதற்கு முன்னால் இவருக்குப் போன் வரும். இவர் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பரிசல்காரர்கள் யாரும் அந்த நேரத்தில் தண்ணீரில் இறங்கமாட்டோம் என்று சங்கத்தின் சார்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"எம்பட நம்பரைத்தான் குடுத்தேன்" என்று சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பவர்ஹவுஸே இவரைக் கேட்டுத்தான் தண்ணீர் விடப்போகிறது என்கிற மாதிரி.

நான் கிண்டல் செய்யவில்லை. வாசலில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தேன். கல்யாணம் பண்ணி வைத்தபோது, பரிசல்காரனுக்கா கொடுத்தீர்கள் என்று என் அக்கா அம்மாவிடம் சண்டை போட்டாள். இன்றைக்கு அவள் வந்து பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். கோபிகாவுக்குத் தெரியக்கூடாது. "அவளுக்காவத்தான் நிறுத்துனாங்கன்னு தெரிஞ்சா அதுவே பாரமாப் போயிரும். சங்கு ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்." சரி என்றேன்.

மார்ச் 3

தமிழ்ப் பரீட்சை. சங்கு ஊதவில்லை. ஊர் அப்படி ஓர் அமைதியாக இருந்தது. நல்லா எழுதினேன் என்றாள்.

மார்ச் 4

பச்சை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வேண்டும். மறக்கக்கூடாது.

மார்ச் 6

ஆங்கிலம். இவர் காலையில் மகளைக் கரைமேட்டுப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, பரீட்சை முடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தார். யாராவது பரிசலைத் தொட்டால் கையை வீசி விரட்டினாராம். கத்தக்கூட இல்லை, சைகைதான். குப்பாண்டி அண்ணன் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கூட்டுக்காரன் கரையில போலீஸ் வேலை பாக்கறான் தங்கச்சி."

இன்றும் போன் ஏதும் வரவில்லை. தண்ணீர் விடவில்லை.

மார்ச் 9

அடுத்தது கணக்கு. கோபிகா சாப்பிடும்போதும் விரலால் தட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் கண்ணைக் காட்டினார், மூடிக்கொண்டேன்.

மார்ச் 11

காலையிலேயே மேகமூட்டம். மார்ச்சில் இது என்ன கூத்து.

கோபிகா திருநீறு வைத்துக்கொண்டு போனாள். இவர் அவளை விட்டுவிட்டு வந்து வாசலிலேயே நின்றார். நேற்று விட்ட வலை, தண்ணீர் ஏற்றும் இழுப்பில் நகர்ந்து குகைவாய்ப் பக்கம் போய்விட்டதாம். விட்டால் உள்ளே இழுத்துக் கந்தலாக்கிவிடும், போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்றார்.

"பரிச்ச நேரத்துல யாரும் எறங்கக்கூடாதுன்னு ஊருக்கே சட்டம் போட்டது நீங்கதானுங்களே?"

"மத்தவனுக்குப் போன் வராது புள்ள. எனக்கு வருமில்ல." போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மூன்று ஜாக்கெட் நிற்கிறது. கோபிகா வருவதற்குள் முடித்துவிட வேண்டும். மெஷினை எடுக்கிறேன்.

மார்ச் 12

கிடைத்துவிட்டார்.

மார்ச் 14

வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் என்னை உட்கார வைத்து ஏதாவது குடிக்கச் சொல்கிறார்கள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

எப்படி நடந்தது என்று குப்பாண்டி அண்ணன் சொன்னார். தண்ணீரை ஏற்றுவது திடீரென்று நின்றது. இழுப்பு இல்லாமல் அணை அசையாமல் கிடந்தது. வலை எடுக்க நல்ல நேரம் என்று இவர் குகைவாய்க்கு நேராகப் பரிசலைத் தள்ளியிருக்கிறார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்பதால் பவர்ஹவுஸிலிருந்து பார்த்தால் தெரியாது. கொஞ்ச நேரத்தில் குகைக்குள் உறுமல் கேட்டிருக்கிறது. கரையிலிருந்து குப்பாண்டி அண்ணன் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் வந்ததாம். பரிசல் தட்டு மாதிரிச் சுழன்று கவிழ்ந்ததாம். அதற்கப்புறம் அவர் சொன்னதை நான் எழுதமாட்டேன்.

நான் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. குப்பாண்டி அண்ணன் மகள் வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் மெஷினை நிறுத்தினேன். அதற்கு முன்னால் எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

பரீட்சை முடிந்து கோபிகா ஓடி வந்தாளாம். கணக்கு அவ்வளவு நல்லா எழுதியிருக்கிறாளாம், வாசலில் அப்பாவைத் தேடினாளாம். "எங்கப்பா எங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறாள். கடைசியில் பள்ளி வாட்ச்மேன் அழுதுவிட்டாராம்.

என் சாமி, என் ராசா, உன்னை எங்கே போய்த் தேடுவேன்.

மார்ச் 15

நாளைக்கு வேதியியல் பரீட்சை. காரியம் முடியாமல் பெண்ணை வெளியே அனுப்பக்கூடாது என்கிறார்கள் இவர் வழி ஒறம்பரைச் சொந்தங்கள். நான் அனுப்புவேன். அனுப்பாவிட்டால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார்.

கோபிகா அழவில்லை. பாயில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். பக்கம் திருப்பவில்லை.

எனக்கு இப்போது ஒரே ஒரு பயம்தான். சங்கை நிறுத்தச் சொன்னது அவளுடைய அப்பாதான் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பரீட்சையும் போய்விடும், பெண்ணும் போய்விடுவாள். அவள் தாங்கமாட்டாள். நானே தாங்கவில்லை. வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி அனுப்புகிறேன். செய்தி வந்த பேப்பரை வாங்கி அடுப்பில் போட்டேன். அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் கேட்கவுமில்லை.

மத்தியானம் அந்த இன்ஜினியர் வந்தான். ஞானசீலன். குப்பாண்டி அண்ணன் அடிக்கப் போய்விட்டார். நான் குறுக்கே போய் நின்று, சத்தம் போடாதீர்கள், பாப்பா உள்ளே இருக்கிறாள் என்றேன். அந்தப் பையனைப் புளியமரத்துப் பக்கம் கூட்டிப் போனேன்.

"தெக்க சோலார் பூராவும் மேகம் மூடிருச்சுங்க்கா. ஒடனே தண்ணி விடு, இல்லாட்டி மாவட்டம் மாவட்டமா கரண்ட் போயிரும்னு மேல இருந்து கத்துனாங்க. நான் அண்ணனுக்கு விடாம அடிச்சேங்க்கா. மணி போயிட்டே இருந்துச்சு, எடுக்கல. தண்ணியில யாரும் இருக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்களேன்னு…" சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அன்றைக்குப் பரீட்சை எழுதிய எல்லா ஊரிலும் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை வீடு. நல்லது. எல்லோரும் நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் மட்டும் அணைந்தது.

"அண்ணன் ஏங்க்கா எடுக்கல?" என்று கேட்டான்.

"போங்க தம்பி" என்றேன். "புள்ள படிக்கறா."

மார்ச் 16

வேதியியல் எழுதிவிட்டு வந்தாள். இன்று பரீட்சை நேரத்தில் சங்கு ஊதியது. நீளமாக, நிறுத்தாமல். இனிமேல் எதற்காகவும் நிறுத்தமாட்டார்களாம். காதைப் பொத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 18

அந்தப் பையனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். போன் பண்ணினேன் என்று பொய் சொல்கிறான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இவர் போன் தண்ணீரில் ஊறி உப்பிப் போய்விட்டது, அதில் ஒன்றும் பார்க்க முடியாதாம்.

கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 20

இயற்பியல். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மோர்ச்சோறு கொஞ்சம் சாப்பிட்டாள்.

மார்ச் 21

விசாரணைக்கு ஓர் ஆபீசர் வந்தார். நல்ல மாதிரி மனிதர்தான். சாவு வீட்டில் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினார். சங்கை நிறுத்தியது பற்றிக் கேட்டார். மெதுவாகப் பேசச் சொன்னேன். கடைசியில், "போன் வந்திருந்தா ஏம்மா எடுக்காம இருந்தாரு? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

கோபிகா உள்ளே இருந்தாள். நடுவில் ஒரு துணித் தடுப்புதான்.

"தெரியாதுங்க" என்றேன்.

ஆபீசர் வெளியே போனதும் குப்பாண்டி அண்ணன் சொன்னார், "நல்லதாச் சொன்ன தங்கச்சி. அந்தப் பய அடிச்சிருந்தா எம்மாப்பிள்ளை எடுக்காமலா இருப்பான்?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். புளியமரத்தடியில் அந்தப் பையன் அழுத முகம் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவனுக்கும் ஒரு தங்கை பரீட்சை எழுதுகிறாள்.

மார்ச் 24

நாளையோடு முடிகிறது. நாளை மட்டும் கடந்துவிட்டால் போதும். ஊர்க்காரர்கள் என்னிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். அவள் காதில் ஒரு சொல் விழவில்லை. அதற்காக எல்லோர் காலிலும் விழலாம்.

மார்ச் 25

உயிரியல் முடிந்தது. மத்தியானம் வந்து யூனிபார்மைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் பையை இன்னும் கழற்றவில்லை.

"அம்மா, ஒன்னு கேப்பேன். பொய் சொல்லக்கூடாது."

யார் சொன்னது, எந்தப் பாவி சொன்னது என்று நினைத்தேன்.

"சங்கப் பத்தி இல்லம்மா. அது எனக்கு அப்பவே தெரியும். தலைமையாசிரியை எங்க வகுப்புல சொன்னாங்க, கோபிகாவோட அப்பா போய்ப் பேசித்தான் சங்கை நிறுத்தியிருக்காங்க, எல்லாரும் நல்லா எழுதணும்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பாவுக்கு நான் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கல. அவருக்கு ரகசியமா வெச்சுக்கறது புடிச்சிருந்துச்சு."

இத்தனை நாள் வாசலில் நின்று நான் கும்பிட்டுத் தடுத்தது இதைத்தான். அவள் தினமும் அதை வைத்துக்கொண்டேதான் போய்ப் பரீட்சை எழுதியிருக்கிறாள்.

"அன்னைக்கு எந்நேரம்மா இருக்கும் அது?"

"பதினொன்னரை மணி இருக்கும் கண்ணு."

தலையை மெதுவாக ஆட்டினாள். "அப்ப அதுதான்."

"எது?"

"எனக்கு ஜன்னலோர எடம்மா. எந்திரிச்சுப் பாத்தா குகைவாய் தெரியும். யாரோ கத்துற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. மீன்காரங்க சண்டை போட்டுக்கறாங்கன்னு நெனச்சேன். எரிச்சலா வந்துச்சு. அப்பா காலையில வாசல்ல விடும்போது சொல்லியிருந்தாரு, வெளிய இடியே விழுந்தாலும் நீ தலைய நிமிராத கண்ணு, வெளிய நடக்கறத அப்பன் பாத்துக்கறேன்னு. நான் நிமிரலம்மா."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். இத்தனை நாள் அழாத பெண், பையோடு சேர்ந்து என் மடியில் குலுங்கினாள்.

"அந்தக் கணக்கு சரியா வந்துச்சும்மா" என்றாள். "அந்த நேரத்துல போட்டுட்டிருந்தேன் பாரு, அந்தக் கணக்கு. சரியா வந்துச்சு."

நிமிர்ந்து பார்த்திருந்தாலும் உன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி அவளையும் ஆற்ற முடியவில்லை, என்னையும் ஆற்ற முடியவில்லை.

மார்ச் 27

உடுமலைக்குப் பஸ் ஏறிப் போய் அந்த ஆபீசரைப் பார்த்தேன். கோபிகாவும் கூட வந்தாள். அவள் எதிரிலேயே சொன்னேன்: "அந்தத் தம்பி போன் பண்ணியிருப்பாருங்க. எங்கூட்டுக்காரர்தான் போனை ஊமையாக்கி வெச்சிருந்தாரு. புள்ளைக்குப் பரிச்சைன்னு. நம்பரைக் குடுத்தப்பவும் அதை மாத்தணும்னு அவருக்குத் தோணல. எனக்கும் தோணல."

ஆபீசர் எழுதிக்கொண்டார். இப்படிச் சொன்னால் நஷ்டஈடு கேட்பது சிரமமாகிவிடும் அம்மா என்றார். எழுதுங்க என்றேன்.

விஷயம் தெரிந்து குப்பாண்டி அண்ணன் என்னுடன் பேசவில்லை. பேசுவார்.

ஏப்ரல் 19

இன்று நாற்பதாம் நாள் சாமி கும்பிட்டோம். அவருக்குப் பிடித்த கெண்டைக் குழம்பு வைத்துப் படைத்தேன். மீன் குப்பாண்டி அண்ணன் கொண்டுவந்தார். சின்ன மீன்தான் கிடைத்தது என்றார்.

மே 8

ரிசல்ட் வந்துவிட்டது. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். கோபிகாதான் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க். பின்னாலேயே பேப்பர்காரர் ஒருவர், அக்கம்பக்கத்துப் பெண்கள், இனிப்பு. அப்பா இறந்த நிலையிலும் சாதனை என்று எழுதப்போகிறாராம், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா என்றார். எனக்கு என்ன தெரியும்? நல்லா படிக்கற புள்ளைங்க என்றேன்.

கோபிகா கதவோரம் நின்றிருந்தாள். யார் வாயில் இனிப்பு ஊட்டினாலும் வாங்கிக்கொண்டாள். மொத்த மார்க்கை யாரிடமும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டீச்சர், கணக்குல எவ்வளவுங்க?"

"நூத்துக்கு நூறும்மா" என்று அந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். "நம்ம பள்ளிக்கூடத்துலயே நீ ஒருத்திதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். கோபிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இந்த ஜன்மத்தில் மறக்கமாட்டேன்.

"ஒரு மார்க்காச்சும் போயிருக்கக் கூடாதாம்மா?" என்றாள்.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை இன்னும் அதிகம் எதிர்பார்த்தாளோ என்று பேப்பர்காரர் கேட்டார். நூற்றுக்கு மேல் மார்க் கிடையாது என்று தலைமையாசிரியை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் என் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன்.